குளிசையை எப்போது நிறுத்தலாம்? வாசகர் கேள்விகளுக்குச் சிறுவர் வைத்தியரின் பதில்கள்

போன இதழில் தைரொயிட் குறைவாகச் சுரக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் அதற்கு நேர் எதிரான நோயைப் பற்றியவை. தைரொயிட் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும் பிள்ளைகள். அதனால் இந்த மாதம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்றக் கேள்விகள் அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. போன வருடக் கடைசியில் இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனாள். கை நடுங்கியது. இரத்தம் சோதித்து கிரேவ்ஸ் நோய் என்று சொல்லி கார்பிமசோல் தொடங்கினார்கள். ஐந்து மாதமாகிறது, இப்போது நன்றாக இருக்கிறாள். 4 கிலோ கூடியும் விட்டாள், அதற்காக அழுகிறாள். கடைசி ரிப்போர்ட்டில் டி4 சரியாக வந்திருக்கிறது, டி.எஸ்.எச் மட்டும் இன்னும் குறைவு. டொக்டர் மூன்று வருடமாவது குளிசை போட வேண்டும் என்கிறார். மாமியோ, இவ்வளவு காலம் இங்கிலீஷ் மருந்து கொடுத்தால் ஈரல் பழுதாகிவிடும், பிள்ளைக்குத்தான் சுகமாகிவிட்டதே, நிறுத்து என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, டொக்டர் சொல்வதைக் கேளுங்கள். குளிசையை நிறுத்த வேண்டாம். மாமி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஏன் நிறுத்தக்கூடாது என்று சொல்கிறேன், காரணம் விளங்கினால்தான் மூன்று வருடம் என்ற கணக்கு மனதில் நிற்கும்.

கிரேவ்ஸ் நோயில் பிழை முதலில் நடப்பது தைரொயிட் சுரப்பியில் அல்ல, உடம்பின் நோய் எதிர்ப்பில். கிருமியோடு சண்டை போட வேண்டிய பிறபொருளெதிரிகளில் ஒரு வகை தவறுதலாகத் தைரொயிட்டில் போய் ஒட்டிக்கொண்டு, “சுரந்துகொண்டே இரு” என்று அதை இரவு பகலாகத் தூண்டுகிறது. 1835இல் ரொபர்ட் கிரேவ்ஸ் என்ற அயர்லாந்து வைத்தியர் இதை விவரித்து எழுதியதால் அவருடைய பெயர். பிள்ளைகளுக்குத் தைரொயிட் கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, அதிலும் வயதுக்கு வரும் காலத்தை ஒட்டி.

கார்பிமசோல் அந்தப் பிறபொருளெதிரிகளை நேராக அடிக்கும் மருந்து அல்ல. சுரப்பி புதிதாக ஹோர்மோன் செய்வதை அது தடுக்கிறது, அவ்வளவுதான். உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள் என்றால் குளிசை தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். தூண்டுகிற ஆள் வாசலிலேயே நிற்கிறான், நாம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஐந்து மாதத்தில் கையை எடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரத்திலோ சில மாதத்திலோ எல்லாம் திரும்பி வரும்: மெலிவு, நடுக்கம், நித்திரையில்லாமை, எல்லாம். திரும்ப இரத்தம் சோதித்து, திரும்ப முழு அளவில் தொடங்கி, அந்தத் தவணைப் பரீட்சையும் போய்விடும்.

டி.எஸ்.எச் குறைவாக இருப்பதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். டி.எஸ்.எச் என்பது மூளைக்கு அடியில் உள்ள கபச்சுரப்பி தைரொயிட்டுக்கு அனுப்பும் கட்டளை. மாதக்கணக்காக ஹோர்மோன் நிரம்பி வழிந்ததால் கபச்சுரப்பி கட்டளை அனுப்புவதையே விட்டுவிட்டது. தைரொயிட் சுரக்கும் ஹோர்மோனான டி4 சரியான பிறகும் அது விழித்துக்கொள்ளச் சில மாதம் எடுக்கும். அதனால்தான் ஆரம்பத்தில் டொக்டர் டி4, டி3 என்ற இரண்டு தைரொயிட் ஹோர்மோன்களையும் பார்த்து அளவை மாற்றுகிறார், டி.எஸ்.எச்சைப் பார்த்து அல்ல.

மூன்று வருடம் என்பது உங்கள் டொக்டர் தன்பாட்டில் சொன்ன கணக்கு அல்ல. ஐரோப்பியத் தைரொயிட் சங்கம் 2022இல் பிள்ளைகளுக்கென்றே வெளியிட்ட வழிகாட்டலும் குறைந்தது 3 வருடம் என்றுதான் சொல்கிறது. இரண்டு வருடத்தில் நிறுத்திப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்குத்தான் நோய் திரும்பாமல் இருக்கிறது, காலம் நீள நீள அந்தப் பங்கு கூடுகிறது. நிறுத்துகிற நேரம் வந்தால் டொக்டர் பிறபொருளெதிரியின் அளவையும் ஒரு முறை பார்ப்பார். டி.ஆர்.ஏ.பி என்று ரிப்போர்ட்டில் இருக்கும். அது இன்னும் உயரத்தில் நின்றால், டி4 எவ்வளவு அழகாக இருந்தாலும் நிறுத்துவதில் பயனில்லை.

இப்போது மாமியின் பயத்துக்கு வருகிறேன். ஈரல் பழுதாகும் என்ற கதை வெறும் புரளி அல்ல. இதே நோய்க்குப் புரோபைல்தயோயுராசில், சுருக்கமாக பி.டி.யு, என்று இன்னொரு குளிசை உண்டு. அதனால் சில பிள்ளைகளுக்கு ஈரல் முற்றாகச் செயலிழந்ததால் 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கடுமையான எச்சரிக்கை போட்டது. அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு முதல் மருந்தாக அதைக் கொடுப்பதில்லை. உங்கள் மகள் போடுவது கார்பிமசோல், அது வேறு. அதிலும் அருமையாக மஞ்சள் காமாலை வரலாம், ஆகவே கண் மஞ்சளானாலோ சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ உடனே காட்ட வேண்டும். ஆனால் பல வருடம் பாவித்தால் ஈரல் கரைந்துபோகும் என்பது சரியல்ல. மாமியையும் அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் குளிசை எடுத்துக் கொடுக்கிற ஆள் அவர் என்றால், அவருக்குத்தான் முதலில் விளங்க வேண்டும்.

ஈரலைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வெட்டி வைப்பதானால் இதை வெட்டி வையுங்கள். கார்பிமசோல் போடும் ஆயிரம் பிள்ளைகளில் சிலருக்கு இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை திடீரென்று விழுந்துவிடும். முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம், என்றாலும் பிறகும் வரலாம். அடையாளம் காய்ச்சல், தொண்டை நோவு, வாய்ப் புண். இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே குளிசையை நிறுத்தி, அன்றைக்கே இரத்த அணுக்களை எண்ணும் எஃப்.பி.சி பரிசோதனை செய்யுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் சரி. எண்ணிக்கை சரியாக இருந்தால் டொக்டர் சொன்னதும் திரும்பத் தொடங்கலாம். குளிசையை நிறுத்து என்று நான் சொல்லும் ஒரே சந்தர்ப்பம் இதுபோன்ற பக்கவிளைவுதான்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எல்லாருக்கும் முதலில் வருவது டெங்கு. எஃப்.பி.சி எடுப்போம், வெள்ளணு குறைந்திருக்கும், பிளேட்லெட்டைப் பார்ப்போம், “டெங்குவாக இருக்கலாம், இரண்டு நாள் பார்ப்போம்” என்பார்கள். டெங்குவிலும் வெள்ளணு குறையும் என்பது உண்மைதான். அதனால்தான் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் மொத்த எண்ணிக்கையோடு விடாமல் நியூட்ரோஃபில் என்ற வரியையும் பாருங்கள், புதிய டொக்டரிடம் போனால் முதல் வசனமாகவே “பிள்ளை கார்பிமசோல் போடுகிறாள்” என்று சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முன் மட்டையிலும் சிவப்புப் பேனையால் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது நீங்கள் மறந்தாலும் மட்டை மறக்காது. உடம்பில் கடி, தடிப்பு வருவது சின்னப் பக்கவிளைவு, அதற்காகப் பயப்பட வேண்டாம், டொக்டரிடம் சொன்னால் போதும்.

அந்த 4 கிலோவைப் பற்றி மகளிடம் நீங்கள் பேச வேண்டும். நோய் இருந்தபோது உடம்பு எரித்த வேகத்துக்கு ஏற்றபடி பசி பழகிவிட்டது. இப்போது எரிவது குறைந்துவிட்டது, பசி மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. கூடியதில் பெரும்பகுதி அவள் இழந்த எடைதான். நோய் வருவதற்கு முன் எடுத்த பாடசாலைப் படம் ஒன்றைக் காட்டுங்கள், மெலிந்திருந்த காலத்துப் படத்தை அல்ல. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் சிலர் எடை கூடுகிறது என்பதற்காக வீட்டுக்குத் தெரியாமல் குளிசையை ஜன்னலுக்கு வெளியே போடுகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். அளவு சரியாக இருந்தும் டி4 ஏறினால் டொக்டர் மருந்தைக் கூட்டத்தான் பார்ப்பார். ஆகவே அவள் விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், சண்டை பிடிக்காமல்.

*

கேள்வி: மகனுக்கு 10 வயது, புலமைப்பரிசில் எழுத இருக்கிறான். நன்றாகப் படித்த பிள்ளை, இந்த வருடம் ஒரு இடத்தில் இருக்கிறான் இல்லை. வகுப்பாசிரியை இரண்டு தரம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நன்றாகச் சாப்பிடுகிறான், ஆனால் காற்சட்டை கழன்று விழுகிறது. பூச்சி மருந்து கொடுத்தோம். இது கவனக்குறைவு நோயா, தைரொயிட்டா, அல்லது பரீட்சைப் பயமா? எங்கே காட்டுவது?
— ஒரு அப்பா, கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் இருக்கும் “இந்த வருடம்” என்ற சொல்தான் எனக்கு முக்கியம். கவனக்குறைவும் துருதுருப்பும் உள்ள பிள்ளை சின்னதிலிருந்தே அப்படித்தான் இருக்கும், முன்பள்ளி ரீச்சரைக் கேட்டாலே சொல்வார். நேற்றுவரை ஒழுங்காக இருந்த பிள்ளை சில மாதத்தில் மாறினால், அதோடு சாப்பிட்டும் மெலிந்தால், இரத்தம் சோதிக்க வேண்டும். மெலிவு என்பதால் சீனியையும் சேர்த்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவும் இப்படித்தான் தொடங்கும். பிள்ளை அடிக்கடி தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போனால் இன்றைக்கே போங்கள்.

பல வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். பாடசாலையில் தலைகீழாக விழுந்துவிட்டாள், எதற்கெடுத்தாலும் அழுகிறாள், வீட்டில் பேச்சும் அடியும். தாய் தற்செயலாக அவளுடைய தமிழ்க் கொப்பியைப் பையோடு கொண்டுவந்திருந்தார். தை மாதப் பக்கத்தில் கோட்டுக்கு மேல் மணி கோர்த்த மாதிரி எழுத்து. பங்குனியில் “ழ”வின் சுழி நடுங்குகிறது. வைகாசியில் எழுத்தெல்லாம் கோட்டை விட்டு ஏறி இறங்கி, பக்கம் முழுக்க அழித்து எழுதிய கறை, கீழே ஆசிரியை சிவப்பில் “கவனமில்லை” என்று போட்டிருந்தார். கவனம் இருந்தது, கைதான் நிற்கவில்லை. அதுவரை அவளைப் பார்த்த யாரும், முதல் சந்திப்பில் நானும், அவள் கையை நீட்டச் சொல்லிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூட வயதுப் பிள்ளை யார் வந்தாலும் நான் கொப்பியைக் கேட்கிறேன்.

நீங்களும் மகனுடைய கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். அப்புறம் இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, மேலே ஒரு தாளை வையுங்கள், நடுக்கம் இருந்தால் தாளின் ஓரம் படபடவென்று அடிக்கும். இரவில் அவன் நன்றாக நித்திரையானதும் மணிக்கட்டைப் பிடித்து முழுதாக ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். பயத்திலோ விளையாட்டிலோ ஏறிய நாடி நித்திரையில் இறங்கிவிடும், தைரொயிட்டால் ஏறியது அவ்வளவாக இறங்காது. இந்த வயதில் நித்திரையிலும் 100க்கு மேல் அடித்தால் அதை எழுதிக்கொண்டு போய் டொக்டரிடம் கொடுங்கள். மின்விசிறியை விட்டு நகராமல் இருக்கிறானா, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம் வெளிக்குப் போகிறானா, கழுத்தின் முன்பக்கம் தடித்திருக்கிறதா, கண் முழித்த மாதிரித் தெரிகிறதா, திடீரென்று உயரமாகிவிட்டானா என்றும் பாருங்கள். பிறந்தபோது தந்த வளர்ச்சிப் பதிவேட்டையும் மறக்காமல் கொண்டு போங்கள், எடைக் கோடு எங்கே வளைந்தது என்று அதில் ஒரு பார்வையில் தெரியும்.

சோதனை டி.எஸ்.எச், ஃப்ரீ டி4, முடிந்தால் ஃப்ரீ டி3. பிழை இருந்தால் டி.ஆர்.ஏ.பி. தைரொயிட் அழற்சியால் சுரப்பியில் சேர்த்து வைத்த ஹோர்மோன் கசிந்தும் இதே மாதிரி வரலாம், அது தானாக அடங்கும், அதற்குக் கார்பிமசோல் பலன் தராது. ஆகவே எது என்று தெரிந்துகொண்டுதான் மருந்து தொடங்க வேண்டும். இன்னொன்று, முடி வளர, நகம் வளர என்று விற்கும் பயோட்டின் வில்லைகள் எதையாவது பிள்ளைக்குக் கொடுத்தால் சோதனைக்கு இரண்டு மூன்று நாளைக்கு முன்பே நிறுத்துங்கள். சில ஆய்வுகூட முறைகளில் அது தைரொயிட் கூடிய மாதிரிப் பொய் ரிப்போர்ட் தரும். சுகமான பிள்ளைக்கு நோய் என்று எழுதுவதற்கு அதுவே போதும்.

தைரொயிட்தான் என்று வந்தால், முதல் சில வாரத்துக்கு ப்ரொப்ரனலோல் என்ற இன்னொரு குளிசையும் கொடுப்பார்கள். கார்பிமசோல் புதிய ஹோர்மோனைத்தான் தடுக்கிறது. சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்து கிடப்பது செலவழிய நான்கு ஆறு வாரம் ஆகும், அதுவரைக்கும் நெஞ்சுப் படபடப்பையும் நடுக்கத்தையும் இது அடக்கும். மகனுக்கு வீசிங் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. நாடி இறங்கும்வரை ஓட்டப்போட்டி, கிரிக்கெட் வேண்டாம். பரீட்சை? எழுதட்டும். ஆனால் புள்ளி குறைந்தால் அந்தப் பிள்ளையை ஏசாதீர்கள், அவன் காய்ச்சலோடு எழுதியதற்குச் சமம்.

எங்கே காட்டுவது என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்குப் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி தூரமில்லை, அங்கே பிள்ளைகளின் ஹோர்மோன் நோய்களுக்கென்று தனி கிளினிக் நடக்கிறது. முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். காசு செலவழித்து மூன்று இடத்தில் மூன்று அபிப்பிராயம் கேட்பதைவிட ஒரு கிளினிக்கில் ஒழுங்காகப் போய் வருவது இந்த நோய்க்கு நல்லது.

*

கேள்வி: பேத்திக்குத் தைரொயிட் கூட. மருந்துக் கடையில் அவளுடைய குளிசை முடிந்துவிட்டது என்றார்கள். நானும் தைரொயிட் குளிசை போடுகிறேன், அதில் பாதியைக் கொடுக்கலாமா? கோவா, மரவள்ளி கொடுத்தால் தைரொயிட் குறையும் என்கிறார்கள், உண்மையா? உப்பை நிறுத்த வேண்டுமா?
— ஒரு அம்மம்மா, தெகிவளை

பதில்: அம்மா, தயவுசெய்து உங்கள் குளிசையைக் கொடுக்காதீர்கள். நீங்கள் போடுவது பெரும்பாலும் தைரொக்சினாக இருக்கும், அது தைரொயிட் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் ஹோர்மோன். பேத்திக்கு ஏற்கெனவே கூடிப்போயிருப்பதும் அதே ஹோர்மோன்தான். நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். இரண்டுக்கும் வீட்டில் “தைரொயிட் குளிசை” என்ற ஒரே பெயர் இருப்பதால் வரும் ஆபத்து இது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, நல்ல மனதோடு இப்படிக் கொடுத்து, நெஞ்சு படபடத்து வந்த ஒரு பிள்ளையை நான் பார்த்தேன். இன்றைக்கே இரண்டு போத்தலிலும் பிள்ளையின் பெயர், உங்கள் பெயர் என்று பெரிதாக எழுதி வேறு வேறு இடத்தில் வையுங்கள். குளிசை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், ஒரு கடையில் இல்லையென்றால் வேறு கடை, அதுவும் இல்லையென்றால் கிளினிக்குக்கு ஃபோன். கடை மாறும்போது மில்லிகிராமைப் பாருங்கள், கார்பிமசோல் 5 மில்லிகிராமிலும் 20 மில்லிகிராமிலும் வருகிறது. வழக்கமாக மூன்று 5 போடும் பிள்ளைக்கு மூன்று 20 போனால் நான்கு மடங்கு.

கோவாவாலும் மரவள்ளியாலும் இந்த நோய் அடங்காது. சாப்பாட்டுக்காகச் சாப்பிடட்டும், மருந்தாக நினைத்து அல்ல. உப்பை நிறுத்த வேண்டாம். இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயடீன் கலப்பது கட்டாயம், முந்திய காலத்தில் தைரொயிட் வீங்கிக் கழுத்து தடிக்கும் கண்டக்கழலை பரவலாக இருந்ததால் கொண்டுவந்த சட்டம் அது. அந்த அளவு அயடீன் பேத்திக்குக் கெடுதி இல்லை. கடற்பாசி மாத்திரை, கடற்பாசித் தூள் என்று வரும் சத்து மருந்துகள்தான் வேண்டாம், அவற்றில் அயடீன் எவ்வளவு என்று கணக்கே இல்லை.

வீட்டில் யாராவது சிகரெட் குடிக்கிறார்களா? எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கிரேவ்ஸில் கண் முன்தள்ளி வருவதைச் சிகரெட் புகை மோசமாக்கும். பால்கனியில் நின்று குடிப்பதும் போதாது, ஃப்ளாட் வீட்டில் புகை உள்ளேதான் வரும்.

*

கேள்வி: எனக்குக் கிரேவ்ஸ் இருந்து, நான்கு வருடத்துக்கு முன் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஏழு மாதக் கர்ப்பம். சுரப்பியே இல்லாததால் குழந்தைக்குப் பயமில்லைதானே?
— ஒரு வாசகி, மட்டக்குளி

பதில்: பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் பயமே இல்லை என்று விட்டுவிட முடியாது. சுரப்பியைத்தான் எடுத்தார்கள், பிறபொருளெதிரி உங்கள் இரத்தத்தில் இன்னும் இருக்கலாம், அது தொப்புள்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் தைரொயிட்டைத் தூண்டலாம். நீங்கள் தைரொக்சின் போட்டுச் சுகமாக இருப்பதால் யாருக்கும் ஞாபகம் வராமல் போவது இதில்தான். டி.ஆர்.ஏ.பி பரிசோதனை செய்தார்களா என்று இந்தக் கிழமையே கேளுங்கள். அது உயர்ந்திருந்தால் வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிப்பார்கள், பிறந்ததும் குழந்தையின் இரத்தத்தைச் சோதிப்பார்கள். பிறந்து முதல் இரண்டு வாரத்தில் பால் நன்றாகக் குடித்தும் எடை கூடாமல், ஓயாமல் அழுது, நெஞ்சு வேகமாக அடித்தால் உடனே கொண்டு போங்கள். மருந்து கொடுக்க வேண்டி வந்தாலும் அது சில மாதம்தான். உங்களிடமிருந்து வந்த பிறபொருளெதிரி மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும், அதோடு குழந்தையின் நோயும் போய்விடும்.

*

கேள்வி: எனக்கு 16 வயது. மூன்று வருடம் குளிசை போட்டு நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது. இப்போது கதிரியக்க அயடீன் அல்லது ஒப்பரேஷன் யோசிக்கலாம் என்கிறார்கள். அம்மா அழுகிறா. கதிரியக்கம் எடுத்தால் புற்றுநோய் வருமா, பிறகு பிள்ளை பெற முடியாதா? ஒப்பரேஷன் தழும்பு தெரியுமா? திரும்ப வந்தது என்னுடைய பிழையா?
— ஒரு மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: மகள், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உன்னுடைய பிழை இல்லை. ஒழுங்காகக் குளிசை போட்ட பிள்ளைகளிலும் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வருகிறது, அது நோயின் குணம்.

உனக்கு மூன்று வழி இருக்கிறது, இரண்டு அல்ல. திரும்பக் கார்பிமசோல் தொடங்கி இன்னும் சில வருடம் கொண்டு போவதும் ஒரு வழிதான், குறைந்த அளவில் பல வருடம் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உனக்கு அந்தக் குளிசையால் தொந்தரவு எதுவும் வராவிட்டால், ஓ.எல் பரீட்சை நேரத்தில் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை.

கதிரியக்க அயடீன் என்பது ஒரு தரம் விழுங்கும் மருந்து, குளிசையாகவோ தண்ணீராகவோ இருக்கும். தைரொயிட் சாதாரண அயடீனை இழுக்கிற மாதிரி அதையும் இழுத்துக்கொள்ளும், இழுத்ததும் உள்ளிருந்தே சுரப்பி சில மாதத்தில் சுருங்கிவிடும். அதன் வீரியம் 8 நாளைக்கு ஒரு தரம் பாதியாகும். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை, 10 வயதுவரை கூடியமட்டும் தவிர்ப்பார்கள், சின்ன உடம்பு கதிர்வீச்சைத் தாங்குவது குறைவு என்பதால். உன் வயதில் அது ஏற்ற வழிதான், சுரப்பி முழுதாகச் சுருங்கும் அளவுக்குப் போதிய மருந்து கொடுத்தால். அரைகுறையாகக் கதிர்பட்டு மிஞ்சும் சுரப்பியில்தான் பிற்காலத்தில் புற்றுநோய் பற்றிய கவலை. பிள்ளை பெறும் தன்மையை அது கெடுக்காது. எடுத்த பிறகு ஆறு மாதத்துக்குக் கர்ப்பமாகக்கூடாது என்பது மட்டும் விதி, உனக்கு இப்போது அது பொருந்தவும் போவதில்லை. சில நாளைக்குச் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது, வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு. உன் கண் முன்தள்ளிச் சிவந்திருந்தால் இந்த வழி அவ்வளவு நல்லதல்ல, கண் இன்னும் மோசமாகலாம்.

கண் பாதித்தவர்களுக்கும் கழுத்து வீக்கம் பெரிதாக உள்ளவர்களுக்கும் ஒப்பரேஷன் நல்லது. சுரப்பியை முழுதாக எடுப்பார்கள், நோய் அன்றோடு முடியும். கழுத்தின் மடிப்போடு ஒரு கோடு மாதிரித் தழும்பு இருக்கும், ஒரு வருடத்தில் மங்கும், அருகில் வந்து பார்ப்பவருக்குத் தெரியும், பொய் சொல்ல மாட்டேன். தழும்பைவிட நீ கேட்க வேண்டியது வேறு: “இந்த ஒப்பரேஷனை நீங்கள் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?” என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் அம்மாவோ நீயோ கேளுங்கள். குரல் நரம்பும் கல்சியத்தைக் காக்கும் நான்கு சின்னச் சுரப்பிகளும் அதற்குப் பின்னாலேயே ஒட்டியிருக்கின்றன, கை பழகியவர் செய்தால் அவை தப்பும். நல்ல நிபுணர் அந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். ஒப்பரேஷன் முடிந்த நாட்களில் உதடோ விரல் நுனியோ விறுவிறுத்தால் உடனே சொல்லிவிடு, அது கல்சியம் இறங்குவதன் அடையாளம்.

இந்த இரண்டு வழியிலும் பிறகு தைரொக்சின் குளிசை ஆயுளுக்கும் போட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. கேட்கும்போது பாரமாக இருக்கும், ஆனால் கார்பிமசோலைப் போல் காய்ச்சலுக்கெல்லாம் பயந்து இரத்தம் சோதிக்கிற வேலை அதில் இல்லை. இதே குளிசையைப் போட்டுக்கொண்டு படித்து, வேலை செய்து, இரண்டு பிள்ளை பெற்று வளர்க்கிற பெண்களை நான் மாதாமாதம் காண்கிறேன்.

அடுத்த கிளினிக்குக்கு உன் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ, எனக்கு எழுதிய மாதிரியே. அம்மா பேசி முடிந்ததும் தாளை நீயே எடுத்து டொக்டரிடம் கொடு. அதுவரைக்கும் திரும்பத் தொடங்கிய குளிசையை ஒரு நாளும் விடாதே.